உப்பைக் குறைங்கன்னு எத்தனை தடவைதான் சொல்றது? ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகளுக்கான மோட்டிவேஷனல் கவுன்சலிங், ஆரம்பத்துல இருந்து

"ஹார்ட் பம்பிங் கம்மியா இருக்கு, எக்கோல 30தான் வருது"ன்னு டாக்டர் சொல்லி அனுப்பின வீட்டுல அதுக்கப்புறம் தினமும் என்ன பேச்சு நடக்கும்னு அந்த வீட்டுல இருக்கறவங்களுக்கு நல்லாவே தெரியும். உப்பு வேணாம், ஊறுகாயைத் தொடாதீங்க, தண்ணியை அளந்து குடிங்க, மாத்திரை போட்டீங்களா, எடை பாத்தீங்களா, ஏன் பாக்கல. சொல்றவங்க பயத்துலயும் பாசத்துலயும்தான் சொல்றாங்க, ஆனா கேக்கறவருக்கு ஒரு கட்டத்துல சலிப்பு வந்து, எதைக் கேட்டாலும் "எல்லாம் போட்டாச்சு, எல்லாம் பாத்தாச்சு"ன்னு சொல்லிட்டு நகர்ந்துடறாரு. ரெண்டு மாசம் கழிச்சு கால் வீங்கி, மூச்சு வாங்கி, ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வருது.

இந்த இடத்துல உதவறதுக்குன்னு ஒரு பேச்சு முறை இருக்கு. மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்னு பேரு, நம்ம வசதிக்கு மோட்டிவேஷனல் கவுன்சலிங்னே வெச்சுக்கலாம். மேடையில ஏறி உங்களால முடியும்னு உணர்ச்சியா பேசற விஷயம் இல்ல. நர்ஸோ டாக்டரோ கவுன்சலரோ நோயாளி எதிர்ல உக்காந்து, அறிவுரையைக் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு, மாறணும்ங்கிற காரணத்தை அவர் வாயாலேயே சொல்ல வைக்கிற முறை. கார்டியாலஜி ஓபில வேலை பாக்கற நர்ஸா எனக்கு இது மேல பெரிய நம்பிக்கை இருக்கு, அதனாலதான் விவரமா எழுதறேன்.

மொதல்ல நோயைப் பத்தி கொஞ்சம். ஹார்ட் ஃபெயிலியர்னா இதயம் நின்னுபோறது இல்ல, ஹார்ட் அட்டாக்கும் இல்ல, அட்டாக் வந்து சதை பழுதானதால பின்னாடி ஃபெயிலியர் வரலாம், பல வருஷ பிரஷராலயும் வரலாம், வால்வு கோளாறாலயும் வரலாம். உடம்புக்குத் தேவையான அளவு ரத்தத்தை இதயத்தால அனுப்ப முடியல, இல்லன்னா அதை அனுப்பறதுக்குள்ள இதயத்துக்குள்ள அழுத்தம் எக்கச்சக்கமா ஏறுது, அவ்வளவுதான் விஷயம். ரத்தம் போதலன்னு கிட்னி தப்பாப் புரிஞ்சுக்கிட்டு உப்பையும் தண்ணியையும் வெளிய விடாம பிடிச்சு வெக்குது. அதுதான் நாம சொல்ற "நீர் கோத்துக்கிச்சு". கால்ல இறங்கினா வீக்கம், நுரையீரல்ல சேர்ந்தா மூச்சு வாங்கல், படுத்தா இழுக்கும், ரெண்டு தலையணை மூணு தலையணை வெச்சுத் தூங்குவாங்க. எக்கோ ரிப்போர்ட்ல வர்ற அந்த 30ங்கிறது எஜெக்ஷன் ஃபிராக்ஷன், ஒரு துடிப்புல இதயம் தன்கிட்ட இருக்கற ரத்தத்துல எத்தனை சதவீதம் வெளிய தள்ளுதுங்கிற கணக்கு, நல்லா இருக்கற இதயத்துல அது 50க்கு மேல இருக்கும். (50க்கு மேல இருந்தும் ஃபெயிலியர் வர்றவங்க நிறைய பேர் உண்டு, அவங்களுக்கு இதயம் சுருங்கறதுல சிக்கல் இல்ல, விரிஞ்சு ரத்தத்தை வாங்கிக்கறதுலதான் சிக்கல்.)

இது சாதாரண நோய் இல்லன்னு காட்டறதுக்கு பக்கத்து மாநிலத்துக் கணக்கு ஒண்ணு சொல்றேன். 2013ல திருவனந்தபுரம் மாவட்டத்துல 18 ஆஸ்பத்திரிகள்ல ஹார்ட் ஃபெயிலியருக்காக அட்மிட் ஆன 1205 பேரை ஸ்ரீ சித்திரைத் திருநாள் இன்ஸ்டிட்யூட் டாக்டர்கள் தொடர்ந்து கவனிச்சாங்க. சராசரி வயசு 61தான். ஒரு வருஷத்துக்குள்ள பத்துல மூணு பேர் கிட்ட இறந்துட்டாங்க. இத்தனைக்கும் இன்னிக்கு நல்ல மருந்துகள் இருக்கு, நாலு வகை மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தா ஆயுசு கூடுதுன்னு உறுதியாத் தெரியுது. ஆனா மாத்திரை அட்டையில இருந்தா போதாது, வயித்துக்குள்ள போகணும், அதுவும் தினமும் போகணும். மிச்ச நேரம் முழுக்க நோயாளி தன்னைத்தானே கவனிச்சுக்கணும், மாசத்துல ஒரு நாள் டாக்டரைப் பாக்கறார்னா மத்த 29 நாளும் டாக்டர் வேலையில பாதியை அவரே பாக்கறாருன்னு அர்த்தம்.

அந்த வேலையில என்னென்ன இருக்குன்னு பாருங்க. காலையில எந்திரிச்சு ஒண்ணுக்குப் போயிட்டு, சாப்பிடறதுக்கு முன்னாடி எடை பாத்து எழுதணும். மூணு நாளைக்குள்ள 2 கிலோவுக்கு மேல ஏறினா அது சதை இல்ல, நீர், ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லணும். உப்பு ஒரு நாளைக்கு மொத்தமா 5 கிராம், கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூனுக்குள்ள நிறுத்தணும், அது சாம்பார்ல இருந்து அப்பளம் வரைக்கும் எல்லாம் சேர்த்து, நம்ம நாட்டுல ஒருத்தர் சராசரியா 8 கிராம் கிட்ட சாப்பிடறோம். மாத்திரை நேரத்துக்குப் போகணும், முடிஞ்ச அளவு நடக்கணும், ஃபிளூ ஊசி போட்டுக்கணும், முட்டி வலிக்குதுன்னு மெடிக்கல்ல டைக்ளோஃபினாக், ப்ரூஃபன் வாங்கிப் போடக்கூடாது, ஏன்னா அது நீரைக் கோத்துவிடும். இதெல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கு, அதுதான் ரொம்பக் கஷ்டம்: உடம்புல ஏற்படற சின்ன மாற்றத்தைக் கவனிச்சு, இது நோயோட அறிகுறின்னு அடையாளம் கண்டு, உடனே ஏதாவது செய்யறது. செருப்பு இறுக்குது, முந்தா நாள் இறுக்கல. மாடி ஏறும்போது போன வாரம் நிக்கல, இந்த வாரம் நின்னேன். நிறைய பேர் இதை வயசாயிடுச்சு, வெயில் ஜாஸ்தி, கேஸ் ட்ரபிள்னு எடுத்துக்கறாங்க.

இதுல தெரியாம இருக்கறது எவ்வளவு, தெரிஞ்சும் செய்யாம இருக்கறது எவ்வளவு? என் அனுபவத்துல ரெண்டாவதுதான் அதிகம். உப்பு ஆகாதுன்னு தெரியாத ஹார்ட் பேஷண்ட்டை நான் அனேகமாப் பாத்ததில்ல. அப்படின்னா திரும்பத் திரும்ப உப்பு ஆகாதுன்னு சொல்றதால என்ன நடக்கப்போகுது?

இந்தக் கேள்வியை வேற ஒரு துறையில கேட்டவர்தான் வில்லியம் மில்லர், அமெரிக்க சைக்காலஜிஸ்ட். அவர் வேலை பாத்தது குடிப்பழக்கத்துல மாட்டினவங்களோட. அந்தக் காலத்துல குடிக்கு சிகிச்சைன்னாலே நேருக்கு நேர் மோதி, நீ குடிகாரன்தான்னு ஒத்துக்க வைக்கிறதுன்னு ஒரு வழக்கம் பலமா இருந்துச்சு. 1982ல அவர் நார்வேல பெர்கன் பக்கத்துல ஒரு சிகிச்சை மையத்துக்குப் போயிருந்தப்ப, அங்கிருந்த இளம் சைக்காலஜிஸ்டுங்க அவரை நடிச்சுக் காட்டச் சொல்லி, நடுநடுவுல நிறுத்தி, ஏன் இந்தக் கேள்வி கேட்டீங்க, ஏன் அதுக்குப் பதில் சொல்லாம விட்டீங்கன்னு துருவித் துருவிக் கேட்டிருக்காங்க. அதுக்குப் பதில் சொல்லப் போய்த்தான் தான் என்ன செய்யறோம்ங்கிறதே அவருக்குத் தெளிவாச்சு. 1983ல அதைக் கட்டுரையா எழுதினாரு. அப்புறம் வேல்ஸ்ல வேலை பாத்த ஸ்டீபன் ரோல்னிக்கோட சேர்ந்து 1991ல புத்தகமா வந்துச்சு, அங்கிருந்து சுகர், பிரஷர், புகை, உடல் எடைன்னு மருத்துவத்தோட எல்லா மூலைக்கும் போயிடுச்சு. 1993ல மில்லர் குழு வெளியிட்ட ஆய்வு ஒண்ணை நான் மறக்கவே மாட்டேன்: கவுன்சலர் எவ்வளவுக்கு எவ்வளவு மோதிப் பேசினாரோ, ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா அந்த ஆள் அவ்வளவுக்கு அவ்வளவு அதிகமாக் குடிச்சிருந்தாரு.

ஏன் அப்படி? மாறறதைப் பத்தி யோசிக்கிற எல்லா மனுஷனுக்குள்ளயும் ரெண்டு பக்கமும் இருக்கு. உப்பைக் குறைக்கணும்ங்கிற பக்கமும் இருக்கு, உப்பில்லாத சோறு எனக்கெதுக்குங்கிற பக்கமும் இருக்கு. நான் போய் முதல் பக்கத்துக்காக வாதாடினா, மிச்சம் இருக்கற ரெண்டாவது பக்கத்தை அவர் எடுத்துக்கறாரு. வாதாட வாதாட அந்தப் பக்கமே அவருக்குள்ள உறுதியாகுது, ஏன்னா தன் வாயால சொல்லித் தன் காதால கேக்கறதைத்தான் மனுஷன் அதிகமா நம்பறான். அதே லாஜிக்கைத் திருப்பிப் போட்டா? குறைக்கணும்ங்கிற காரணத்தை அவரே சொல்லட்டும், நான் கேட்டுக்கறேன். மொத்த முறையும் இந்த ஒரு திருப்பத்துலதான் நிக்குது.

கேக்க சுலபமா இருக்கும், செய்யறது அப்படி இல்ல. தப்பைப் பாத்தா உடனே திருத்தணும்னு கை பரபரக்கறது எங்க தொழில்ல எல்லாருக்கும் ஊறிப்போன ஒண்ணு, அந்தப் பரபரப்பை அடக்கறதுதான் பயிற்சியோட முதல் பாடம்.

ஒரு உதாரணம் வெச்சுப் பாக்கலாம், கற்பனை ஆள்தான், ஆனா இந்த மாதிரி எங்க ஓபில தினம் வர்றாங்க. சண்முகம் ஐயா, 64 வயசு, வாரத்துல மூணு நாள் சந்தையில வெங்காயம் விக்கிறவரு, எஜெக்ஷன் ஃபிராக்ஷன் 30. கால் வீங்கி வந்திருக்காரு. வழக்கமான பேச்சு இப்படிப் போகும்:

"ஐயா, மாத்திரை எல்லாம் ஒழுங்காப் போடறீங்களா?"

"போடறேன் சிஸ்டர்."

"அப்புறம் எப்படி கால் இவ்வளவு வீங்கும்? உப்பு சாப்பிடறீங்க, அதான். போன தடவையே சொன்னேன்ல? இப்படியே விட்டா நுரையீரல்ல நீர் சேர்ந்துடும், அப்புறம் ஐசியுதான்."

"இல்லம்மா, குறைச்சுட்டேன். வீட்டுல கொஞ்சமாத்தான் போடறாங்க."

"கொஞ்சமா இல்லய்யா, சுத்தமாக் குறைக்கணும். டெய்லி எடை பாக்கறீங்களா?"

"மிஷின் இல்லம்மா. வாங்கணும்."

எல்லாக் கேள்வியும் ஆமா இல்லன்னு முடியற கேள்வி, எல்லாப் பதிலும் தப்பிக்கிற பதில். நர்ஸ் கெட்டவங்க இல்ல, வெளிய நாப்பது பேர் டோக்கனோட நிக்கறாங்க. ஆனா ஐயா எதைச் சொல்லாம மறைச்சாருன்னு கடைசி வரைக்கும் தெரியவே இல்ல. இப்ப அதே ஐயா, வேற மாதிரி பேச்சு:

"வாங்கய்யா, உக்காருங்க. போன தடவை வந்துட்டுப் போனதுல இருந்து எப்படிப் போகுது?"

"என்னத்தம்மா சொல்ல. ராத்திரி படுத்தா இழுக்குது. எந்திரிச்சு உக்காந்துக்கறேன்."

"தூக்கமே போயிடுது உங்களுக்கு."

"எனக்கு மட்டுமா? வீட்டுக்காரியும் கூடவே முழிச்சுட்டு உக்காந்திருக்கா. அவளுக்கும் சுகரு."

"நம்மால அவங்களுக்கும் கஷ்டமேன்னு மனசு சங்கடப்படுது."

"ஆமாம்மா. அதான் பெரிய வேதனை."

"மாத்திரை விஷயம் எப்படி இருக்குய்யா? இத்தனை மாத்திரையையும் எல்லா நாளும் தவறாமப் போடறது நிறைய பேருக்குச் சிரமமாத்தான் இருக்கு."

"மத்ததெல்லாம் போட்டுருவேன். அந்த நீர் மாத்திரைதான்... சந்தை நாள்ல போடறதில்லம்மா. அஞ்சு மணிக்கு பஸ்ஸு. போட்டா பஸ்ஸுலயே முட்ட ஆரம்பிச்சுடும், நான் எங்க போய் இறங்கறது?"

"வியாபாரத்தையும் விட முடியாது, நடு வழியில இறங்கவும் முடியாது."

"அதேதான். ஆனா போடாத அன்னிக்கு ராத்திரிதான் இழுப்பு ஜாஸ்தியோன்னு எனக்கே ஒரு யோசனை ஓடுது."

இந்தக் கடைசி வரியில நில்லுங்க. உள்ளுக்குள்ள இருந்து வந்த வார்த்தை அது, யாரும் திணிக்கல. இந்த மாதிரி வார்த்தை எங்க தலை காட்டுதுன்னு காதைத் தீட்டி வெச்சுட்டுக் கேக்கறதுதான் இதுல தேர்ந்த நர்ஸோட திறமை, வந்த உடனே அதைப் பிடிச்சுக்கிட்டு இன்னும் கொஞ்சம் பேச விடணும். "நீங்களே கவனிச்சிருக்கீங்களே, இன்னும் என்னென்ன கவனிச்சீங்க?"ன்னு கேட்டா அவர் அடுத்து சொல்றது அனேகமா அதே திசையிலதான் போகும். மாறாக "பாத்தீங்களா, அதான் நான் அப்பவே சொன்னேன்"னு ஒரு வார்த்தை விட்டா கதவு சாத்திக்கும்.

மேல நர்ஸ் பேசின வரிகளைத் திரும்பப் படிங்க. பாதிக்கு மேல கேள்வியே இல்ல. "தூக்கமே போயிடுது உங்களுக்கு", "வியாபாரத்தையும் விட முடியாது", இதெல்லாம் அவர் சொன்னதையோ சொல்லாம விட்டதையோ அவருக்கே திருப்பிக் காட்டறது. குரலை இறக்கி முடிக்கணும், தூக்கி முடிச்சா விசாரணை மாதிரி ஆகிடும். சரியாச் சொன்னா ஆமாம்பாரு, தப்பாச் சொன்னா அவரே திருத்துவாரு, ரெண்டுலயும் நமக்கு லாபம்தான். புதுசாக் கத்துக்கறவங்க இதைத்தான் ரொம்பச் செயற்கையா இருக்கேன்னு நினைப்பாங்க, ரெண்டு மூணு வாரம் பழகினா சாதாரணப் பேச்சா ஆயிடும். கூடவே மனசார ஒரு பாராட்டு, சும்மா சூப்பர்யான்னு இல்ல, "இவ்வளவு மூச்சு வாங்கியும் சந்தைக்குப் போயி குடும்பத்தைப் பாத்துக்கறீங்க"ன்னு அவர்கிட்ட நிஜமாவே இருக்கறதைச் சொல்றது. கடைசியில பேசின எல்லாத்தையும் ரெண்டு வரியில தொகுத்து, நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு கேக்கறது.

அப்ப நர்ஸ் எதையும் சொல்லித் தரவே கூடாதான்னு கேப்பீங்க. கண்டிப்பா சொல்லித் தரணும், ஆனா அனுமதி கேட்டுட்டு:

"அந்த நீர் மாத்திரையைப் பத்தி ஒரு விஷயம் சொல்லட்டுமாய்யா?"

"சொல்லும்மா."

"அது போட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள வேலையை ஆரம்பிச்சு அஞ்சாறு மணி நேரத்துல அடங்கிடும். காலையிலதான் போட்டாகணும்னு எல்லாருக்கும் இல்ல. டாக்டர்கிட்ட கேட்டுட்டு வேலை முடிச்சு வந்து மத்தியானம் போட்டுக்கறவங்களும் இருக்காங்க. இதைக் கேட்டா உங்களுக்கு என்ன தோணுது?"

"ரெண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடுவேனே நான். அப்பப் போட்டுக்கலாம்னா தினமும் போட்டுருவேன்."

தெரிஞ்சது என்னன்னு கேட்டு, இல்லாததைச் சொல்லி, சொன்னதை அவர் எப்படி எடுத்துக்கிட்டாருன்னு மறுபடி கேக்கறது. பிரச்சனை உப்புலயே இல்ல பாருங்க, பஸ்ஸுல இருந்துச்சு. உப்பைப் பத்தி இன்னும் பத்து தடவை லெக்சர் எடுத்திருந்தாலும் இது வெளிய வந்திருக்காது. (உங்க வீட்டுலயும் நேரத்தை மாத்தணும்னா டாக்டரைக் கேட்டுட்டு மாத்துங்க, சாயங்காலம் லேட்டாப் போட்டா ராத்திரி முழுக்க எந்திரிக்க வேண்டி வரும், இருட்டுல விழுந்துட்டா அது வேற ஆபத்து.)

இன்னொரு கருவி நம்பர் கேள்வி. "தினம் எடை பாக்கறது உங்களுக்கு எவ்வளவு முக்கியமாப் படுது, 0ல இருந்து 10க்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க." அவர் 4ம்பாரு. நம்ம வாய் உடனே "ஏன் 4தான், ஏன் 8 இல்ல?"ன்னு கேக்க வரும். கேட்டா தன்னால ஏன் முடியாதுங்கிற பட்டியலை அவர் வாசிப்பாரு. "1ன்னு சொல்லலையே, 4ன்னு சொல்ல வெச்சது எது?"ன்னு கேட்டுப் பாருங்க. "அன்னிக்கு அட்மிட் ஆனப்ப நாலு கிலோ ஏறியிருந்துச்சுன்னு டாக்டரு சொன்னாரே, முன்னாடியே பாத்திருந்தா..."ன்னு ஆரம்பிப்பாரு. கேள்வி அதே கேள்விதான், பாக்கற திசை மட்டும் வேற. முக்கியத்துவத்துக்குக் கேட்ட மாதிரியே நம்பிக்கைக்கும் கேக்கணும், செய்ய முடியும்னு எவ்வளவு தைரியம் இருக்குன்னு. முக்கியம் 9, தைரியம் 2ன்னா அந்த ஆளுக்குக் காரணம் தேவையில்ல, வழிதான் தேவை. எடை மிஷின் எங்க கிடைக்கும், முள்ளு தெரியலன்னா யார் பாத்துச் சொல்லுவா, எழுதத் தெரியாதுன்னா காலண்டர்ல பேரன் எழுதுவானா, இந்த அளவுக்கு இறங்கித் திட்டம் போடணும்.

இது ஹார்ட் ஃபெயிலியருக்கு வேலை செய்யுதான்னு தெரிஞ்சுக்கணும்னா இத்தாலிக்குப் போகணும். ரோம்ல டோர் வெர்காட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எர்கோலே வெல்லோனேங்கிற நர்சிங் பேராசிரியர் குழு மோட்டிவேட்-ஹெச்எஃப்னு ஒரு ஆய்வு நடத்தி 2020ல முடிவை வெளியிட்டாங்க. 510 ஜோடி, ஒவ்வொரு ஜோடியும் ஒரு நோயாளியும் அவரைக் கவனிச்சுக்கற ஆளும். எல்லாருமே தன்னைச் சரியாக் கவனிச்சுக்காத நோயாளிங்கதான், பெரும்பாலும் வயசானவங்க. மூணு குழுவாக் குலுக்கிப் பிரிச்சாங்க: ஒண்ணுல நோயாளிக்கு மட்டும் கவுன்சலிங், இன்னொண்ணுல நோயாளிக்கும் கவனிக்கிறவருக்கும், மூணாவதுல வழக்கமான சிகிச்சை மட்டும். கவுன்சலிங்னா பயிற்சி எடுத்த நர்ஸ் ஒரு தடவை நேர்ல உக்காந்து பேசறது, அப்புறம் மூணு போன் கால், அவ்வளவுதான்.

அளந்தது அமெரிக்காவுல பார்பரா ரீகல்ங்கிற நர்சிங் ஆராய்ச்சியாளர் உருவாக்கின கேள்வித்தாளால, 100க்கு மார்க், 70 வந்தா போதுமான கவனிப்புன்னு அர்த்தம். மூணு மாசத்துல கவுன்சலிங் கிடைச்ச ரெண்டு குழுவும் சராசரியா 7 மார்க் கிட்ட ஏறினாங்க, வழக்கமான சிகிச்சைக் குழு ரெண்டரை மார்க்தான். 70ஐத் தொட்டவங்க கவுன்சலிங் குழுக்கள்ல 100க்கு 18, 19 பேர், மத்த குழுவுல 9 பேர். இரட்டிப்பு, அதுவும் ஒரே ஒரு நேர் சந்திப்பும் மூணு போன் காலும் கொடுத்த பலன், எனக்கு இது பெரிய விஷயம். ஆனா மறுபக்கத்தையும் பாக்கணும், கவுன்சலிங் கிடைச்சும் 100க்கு 80 பேருக்கு மேல 70 மார்க்கைத் தொடல. ஒரு தடவை பேசினா ஆள் மாறிடுவாருன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, இது விட்டு விட்டுத் தொடர்ந்து நடக்க வேண்டிய பேச்சு. ஆஸ்பத்திரி அட்மிஷன் குறையுதா, உயிர் காக்குதாங்கிறதுல ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுது, தன்னைக் கவனிச்சுக்கறது கூடுதுங்கிறதுதான் நல்லாத் தெரிஞ்ச பலன்.

கவனிக்கிறவரையும் சேர்த்து உக்கார வெச்சது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், நம்ம வீடுகளுக்கு இது கச்சிதமாப் பொருந்தும். சண்முகம் ஐயா சாப்பாட்டுல எவ்வளவு உப்புன்னு முடிவு பண்றது அவர் இல்ல, அவர் வீட்டம்மா. அவங்களும் சுகரோட, முட்டி வலியோட, ராத்திரி தூக்கம் இல்லாம இருக்கறவங்க. வீட்டுல ஆறு பேருக்கு ஒரு குழம்பு, ஐயாவுக்கு மட்டும் தனிக் குழம்பான்னு அவங்ககிட்டயும் கேக்கணும், "தனியா சமைங்கம்மா"ன்னு ஆர்டர் போட்டுட்டுப் போகக்கூடாது. கேட்டா அவங்களே வழி சொல்லுவாங்க, பாதி உப்புல கொதிக்க வெச்சு அவருக்கு எடுத்துட்டு அப்புறம் மத்தவங்களுக்குப் போடறேன், எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கொடுத்தா அவருக்கு உப்பு குறைச்சல் தெரியறதில்லன்னு. அவங்க சொன்ன வழி அவங்க சமையல்கட்டுல நடக்கும், நாங்க பிரின்ட் எடுத்துக் கொடுக்கற டயட் சார்ட் ஃபிரிட்ஜ் மேலதான் இருக்கும்.

வெளியூர்ல இருந்து போன் பண்ற பிள்ளைங்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்க கவுன்சலர் ஆக வேண்டாம், அப்பாவுக்கு அது பிடிக்கவும் பிடிக்காது. "மாத்திரை போட்டீங்களாப்பா?"ங்கிறதுக்குப் பதிலா "இந்த வாரம் எந்த மாத்திரைப்பா ரொம்பத் தொந்தரவா இருக்கு?"ன்னு கேட்டுப் பாருங்க, அவர் பேச ஆரம்பிச்சா நடுவுல புகுந்து திருத்தாம ரெண்டு நிமிஷம் கேளுங்க. உண்மையைச் சொன்னா திட்டு விழாதுன்னு அவருக்குத் தெரிஞ்சாத்தான் அடுத்த வாரமும் உண்மையைச் சொல்லுவாரு.

இன்னொண்ணு, எதுக்கு மல்லுக்கட்டணும் எதுக்கு வேண்டாம்னும் தெரிஞ்சு வெச்சுக்கணும். 2022ல வந்த சோடியம்-ஹெச்எஃப்ங்கிற ஆய்வுல ஆறு நாட்டுல 806 பேர், அதுல பாதிப் பேரை உப்புல இருக்கற சோடியத்தை ரொம்ப இறுக்கி, ஒரு நாளைக்கு 1500 மில்லிகிராமுக்குள்ள, அதாவது உப்புக் கணக்குல 4 கிராமுக்குள்ள வெக்கச் சொன்னாங்க, அதனால இறப்போ அட்மிஷனோ குறிப்பிடற அளவு குறையல. உப்பை அள்ளிப் போடலாம்னு இதுக்கு அர்த்தம் இல்ல, அந்த ஆய்வுல மத்தவங்களும் ஏற்கனவே அளவாத்தான் சாப்பிட்டாங்க. ஆனா கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிக்சர் இதெல்லாம் நின்னு, சமையல்ல அளவா உப்பு இருந்தாலே நல்ல நிலைமைதான், ரசத்துல இருக்கற கடைசிச் சிட்டிகைக்காக வீட்டுல தினம் சண்டை போட வேண்டாம். அதே சமயம் சில விஷயத்துல தெளிவா நின்னு சொல்லணும். இந்துப்புன்னா பரவாயில்லன்னு நிறைய பேர் அதுக்கு மாறிட்டாங்க, அதுவும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். லோ சோடியம் உப்புன்னு கடையில விக்கிறதுல பொட்டாசியம் இருக்கு, ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி மாத்திரை எடுக்கறவங்களுக்கு ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தாறுமாறாகலாம், டாக்டரைக் கேக்காம வாங்கவே வாங்காதீங்க.

இந்தப் பேச்சு எல்லாருக்கும் எல்லா நேரத்துலயும் பொருந்தாது. ஹார்ட் ஃபெயிலியர்ல மனச்சோர்வு ரொம்ப சகஜம், எதுலயும் பிடிப்பே இல்லாம சுவரைப் பாத்துட்டு உக்காந்திருக்கறவருக்கு மொதல்ல அதுக்கு சிகிச்சை பாக்கணும், நம்பர் கேள்வி அப்புறம். மறதி வந்தவங்களுக்குப் பேசிப் புரிய வெக்கிறதை விட மாத்திரை டப்பாவும் கூட ஒரு ஆளும்தான் உதவும். மாத்திரை வாங்கக் காசில்லாதவர்கிட்ட உள்மனசு ஊக்கத்தைத் தேடறது நியாயமே இல்ல, அவரை அரசு ஆஸ்பத்திரி மருந்து கொடுக்கற இடத்துக்கும் காப்பீட்டுத் திட்ட கவுண்டருக்கும் கூட்டிட்டுப் போகணும்.

அவசர நேரத்துலயும் இது கிடையாது. உக்காந்திருக்கும்போதே மூச்சு திணறினாலோ, நுரை நுரையா இளஞ்சிவப்பா சளி வந்தாலோ, நெஞ்சு வலிச்சாலோ, மயக்கம் போட்டு விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ஞ்சாலோ கேள்வி எதுவும் கேக்காம உடனே 108ஐக் கூப்பிடுங்க, வண்டி வர்ற வரைக்கும் படுக்க வெக்காம முதுகுக்கு முட்டுக் கொடுத்து நிமிர்ந்து உக்கார வையுங்க, மயக்கமா இருந்தா மட்டும் ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க, போட்டுட்டு இருக்கற மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு கவர்ல போட்டுக் கையோட எடுத்துட்டுப் போங்க.